பாராட்டும் பிறவும்

குழாயில் தண்ணீர் நின்று பதினோராம் நாள்தான் தொட்டிக்காரர் குடிநீர் வாரியத்தின் படியை மிதித்தார். அவர் வண்ணமீன் விற்கிறவர். கீழே கடை, மேலே வீடு. கடையில் பதினெட்டுக் கண்ணாடித் தொட்டிகள் இருந்ததால் தெருவே அவரைத் தொட்டிக்காரர் என்றுதான் கூப்பிட்டது. தண்ணீர் வரவில்லை என்றால் மனிதன் அக்கம்பக்கத்தில் புலம்புவான், இரண்டு குடம் கேட்டு வாங்குவான், குளிக்காமல்கூட வேலைக்குப் போவான். மீனுக்கு இந்த வசதியெல்லாம் கிடையாது. இரண்டு நாள் வாயை மேலே தூக்கித் தூக்கிப் பார்க்கும். மூன்றாம் நாள் மல்லாந்துவிடும்.

"பக்கத்துத் தெருவுல பீச்சி அடிக்குது. நமக்கு மட்டும் என்ன வந்துச்சாம்? போய் ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்களேன்" என்று அவர் மனைவி பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். தொட்டிக்காரருக்கு அலுவலகம் என்றாலே ஆகாது. ஆனால் அன்று காலை நான்காவது தொட்டியும் காலியானது. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

புகார்ப் பிரிவு ஜன்னலைப் பலகை வைத்து ஆணி அடித்திருந்தார்கள். அதன்மேல் ஒரு தாள்: "புகார்கள் இனி வாரியத்தின் வலைத்தளம் வழியாக மட்டுமே ஏற்கப்படும். நேரிலோ தொலைபேசியிலோ கடிதத்திலோ வருபவை புகார்களாகக் கருதப்பட மாட்டா."

வலைத்தளத்தை அவர் வீட்டிலேயே பார்த்திருந்தார். ஓர் அருவியின் படம் இருந்தது. அதற்குக் கீழே "விரைவில்" என்று போட்டிருந்தது. எதைத் தட்டினாலும் அருவிதான்.

ஜன்னலுக்குக் கீழே பெஞ்சில் ஒருவர் மடியில் நீளமான இரும்புக் கம்பியைக் கிடத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தெருவில் பூமிக்கு அடியில் இருக்கும் வால்வுகளைத் திறந்து மூடும் கம்பி அது. ஆளுக்குச் சாவிக்காரர் என்று பெயர். தொட்டிக்காரர் தெருவின் பெயரைச் சொன்னதும் அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"தெரியும். முக்குல வால்வு மூடியிருக்கு. திறக்க அஞ்சு நிமிஷம் போதும்."

"அப்ப வாங்களேன், வண்டி வெளியதான் நிக்குது."

"புகார் நம்பர் இருக்கா?"

"இல்லையே."

"நம்பர் இல்லாமத் திறக்கக் கூடாது. வலைத்தளம் குடுக்கும். வாங்கிட்டு வாங்க, உடனே வரேன்."

"சரி, மூடும்போது யார் நம்பர் குடுத்தாங்க?"

"மூடறதுக்கு நம்பர் வேணாம்" என்றார் சாவிக்காரர். "மூடுன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

தொட்டிக்காரர் பலகையில் இருந்த தாளை இன்னொரு முறை படிக்கத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து மாடிப்படியில் மூச்சிரைக்க இறங்கி வந்தார் வாரியத்தின் செயலாளர். வந்தவர் கண்ணில் பட்ட முதல் ஆள் இவர்தான்.

"நீங்க ஊழியரா?"

"இல்லீங்க."

"ஒப்பந்தக்காரர், நிருபர், வக்கீல், இப்படி ஏதாவது?"

"மீன் விக்கறேங்க."

"அப்ப நீங்க பொதுமக்கள்!"

"இல்லீங்க, நான் மட்டும் தனியாத்தான் வந்தேன்."

"அது போதும்" என்று செயலாளர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மேலே மெனுக் குழு கூடியிருந்தது. முழுப் பெயர் 'வலைத்தள முதற்பக்க மெனு மற்றும் இணைப்புகள் தேர்வு உயர்மட்ட ஆலோசனைக் குழு'. விதிப்படி அதில் ஒரு பொதுமக்கள் பிரதிநிதி இருந்தே ஆக வேண்டும். இல்லாமல் நடக்கும் கூட்டம் செல்லாது. மூன்று வாரமாக வாசலில் தேடியும் ஒருவர்கூட அகப்படவில்லையாம். அகப்பட்டவர்களும் குழுவின் பெயரைக் கேட்டதும் நழுவிவிட்டார்களாம்.

"மெனு முடிவானாத்தான் தளம் திறக்கும். தளம் திறந்தாத்தான் நம்பர் கிடைக்கும். பார்த்துக்குங்க" என்றார் செயலாளர். மீன் முகத்தை நினைத்துக்கொண்டு தொட்டிக்காரர் மாடி ஏறினார்.

நீள மேசை. சுற்றிப் பத்துப் பன்னிரண்டு அதிகாரிகள். குடிநீர் வாரியத்தின் கூட்டமாயிற்றே, ஆளுக்கு முன்னால் தண்ணீர் இருந்தது. கடையில் வாங்கிய, மூடி திறக்காத பாட்டில் தண்ணீர். தலைப்பக்கத்தில் வாரியத்தின் தலைவர். சுவரோரமாக ஒரு பெரிய பலகை. அதில் வரிசையாக ஏழு கொக்கிகள். பக்கத்தில் வாய் நிறைய ஆணியோடு ஒரு தச்சர். மூலையில் மடிக்கணினியை மூடி வைத்துக்கொண்டு ஒரு பெண். வலைத்தளம் செய்து கொடுக்க வெளியிலிருந்து அழைத்திருந்தார்கள். வேலை இரண்டே நாளில் முடிந்துவிடும் என்று அவள் முதல் நாளே சொல்லிவிட்டாளாம். அதிலிருந்தே அவள்மேல் யாருக்கும் நம்பிக்கை இல்லை.

பலகைக்குக் காரணம் தலைவர். "திரையில இருக்கிறது கரண்டு போனா போயிடும். நான் கையால தட்டிப் பார்க்க முடியாத எதுலயும் கையெழுத்துப் போட்டதில்ல" என்று அவர் சொல்லியிருந்தார். அதனால் மெனுவை மரத்தில் செய்தார்கள். ஏழு கொக்கி, ஏழு பலகைத் துண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். உட்பிரிவு வேண்டுமா, அதற்கும் வழி இருந்தது: துண்டுக்குக் கீழே கீல் வைத்து இன்னும் சின்னத் துண்டுகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். தலைவர் பேனாவால் ஒரு துண்டைத் தட்டுவார். தச்சர் ஓடி வந்து கீலை அவிழ்ப்பார். சின்னத் துண்டுகள் படபடவென்று தொங்கும். "நல்ல வேகம்" என்பார் தலைவர்.

முதல் கூட்டம் முழுக்க முதல் கொக்கியிலேயே கழிந்தது. அந்தப் பெண் வழக்கப்படி அங்கே "முகப்பு" என்று எழுதிக் கொடுத்திருந்தாள். தலைவர் அதை ரொம்ப நேரம் பார்த்தார்.

"எனக்கு முன்னாடி இருக்கிறது யாரு?"

"முகப்பு சார். எல்லாத் தளத்துலயும் அதுதான் முதல்ல வரும்" என்றாள் அந்தப் பெண்.

"நம்ம வாரியத்துல முகப்புன்னு ஒரு பதவி இருக்கா?"

செயலாளர் பணியாளர் பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு பதவி இல்லை என்று உறுதிப்படுத்தினார். முகப்பை இறக்கினார்கள். முதல் கொக்கியில் "தலைவர்" ஏறியது. அதன் கீலில் தலைவரின் செய்தி, தலைவரின் வாழ்க்கை, தலைவரின் படங்கள், கடைசியில் முகப்பு. முகப்புக்குப் போக வேண்டுமானால் தலைவர் வழியாகத்தான் போயாக வேண்டும் என்றானது. அந்தப் பெண் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தச்சர் ஆணி அடிக்கிற சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

கூட்டம் முடிந்ததும் செயலாளர் வருகைப் பதிவேட்டை நீட்டினார். பெயர், கையெழுத்து, கைபேசி எண். தொட்டிக்காரர் மூன்றையும் எழுதினார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அதிகாரிகள் பாதி குடித்து வைத்த பாட்டில்களையெல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டார். வீட்டில் மனைவி பையை எட்டிப் பார்த்தாள்.

"நம்பர் வாங்கிட்டு வரச் சொன்னா எச்சில் தண்ணி கொண்டு வந்திருக்கீங்க."

"குழுவுல சேர்த்துட்டாங்கடி."

"எதுக்கு?"

அவர் யோசித்துப் பார்த்தார். "மரப்பலகை மாட்டறதுக்கு" என்றார்.

வாரத்துக்கு இரண்டு கூட்டம் நடந்தது. மற்ற நாட்களில் விடிந்ததும் பக்கத்துத் தெருவுக்குப் போய் கேன்களில் தண்ணீர் பிடித்து வண்டியில் கட்டி இழுத்து வந்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது. பதினெட்டில் மிச்சம் இருந்த பதினான்கு தொட்டி மூன்றாவது கூட்டத்தின்போது பத்தானது. காலியான தொட்டிகளில் மனைவி பழைய துணிகளை அடுக்கினாள். வாங்க வந்தவர்கள் கண்ணாடி வழியாகப் போர்வையைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அங்கே இணைப்புகளின் மேல் விவாதம் சூடு பிடித்திருந்தது. நீர்த்தரப் பிரிவின் பக்கத்திலிருந்து வரலாற்றுப் பிரிவின் பக்கத்துக்கு ஓர் இணைப்பு கொடுக்கலாமா? செயலாளர் எழுந்து ஒரு மணி நேரம் பேசினார். அதன் சாரம் இதுதான்.

"இணைப்புங்கிறது விளையாட்டில்ல. நம்ம பக்கத்துல நல்லபடியா நின்னுக்கிட்டிருக்கிற ஒரு ஆளை நாமளே பிடிச்சு இன்னொரு பிரிவுக்குத் தள்ளி விடறோம். அங்க போய் அவரு ஏதாவது தெரிஞ்சுக்கிட்டா? அதுக்கு யார் பொறுப்பு? நான் முப்பது வருஷமா இங்க இருக்கேன். எந்த ஆளையும் அவர் கேட்ட இடத்துக்கு அனுப்பினதில்ல. ஒரு தடவைகூடத் தப்பு நடந்ததில்ல."

கைதட்டினார்கள். அனுப்பும் பிரிவு, பெறும் பிரிவு இரண்டும் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தால்தான் இணைப்பு. போகிற இணைப்புக்கு ஒன்று, திரும்பி வருகிற இணைப்புக்கு இன்னொன்று என்று தீர்மானம் ஆனது. திரும்பி வருவதற்கு ஒருவரும் எழுதிக் கொடுக்கவில்லை. கடைசியில் எல்லா இணைப்புகளும் தலைவரின் செய்திக்கே போகட்டும், அதை யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள் என்று முடிவெடுத்தார்கள். உண்மைதான், யாரும் ஆட்சேபிக்கவில்லை.

அருவிப் படத்தை எடுத்துவிட்டு, மேட்டுத் தெருவில் இருக்கும் தலைவர் வீட்டுத் தோட்டத்து நீரூற்றின் படத்தைப் போட்டார்கள். "ராத்திரி பகலா அது ஒரு நிமிஷம் நிக்கறதில்ல. நம்ம வாரியம் எப்படி வேலை செய்யுதுங்கிறதுக்கு அதைவிட என்ன சாட்சி வேணும்?" என்றார் தலைவர். அந்த இடத்தில் தொட்டிக்காரரும் மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டித் தொலைத்தார். அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும்போது அவருக்கே தன்மேல் வெறுப்பாக இருந்தது.

ஒன்பதாவது கூட்டத்தில் ஆறு கொக்கிகள் நிரம்பியிருந்தன. தலைவர், வரலாறு, விருதுகள், விழாக்கள், தலைவரின் பயணங்கள், கட்டடம். ஒரே ஒரு கொக்கி பாக்கி. தொட்டிக்காரர் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினார். வீட்டில் ஆறே ஆறு தொட்டிகள்தான் மிச்சம்.

"ஐயா, தண்ணி வரலைன்னா சொல்றதுக்கு ஒரு பலகை…"

வரலாற்றுப் பிரிவு அதிகாரி இருமினார்.

"புகார்னு எழுதச் சொல்றீங்களா? மெனுவுலயா?" என்றார் தலைவர். "உங்க கடை வாசல்ல செத்த மீனைத் தொங்க விடுவீங்களா?"

"தொங்க விட மாட்டேங்க. ஆனா சாகுதுங்க."

"அது உள் விவகாரம்" என்றார் தலைவர், கனிவாகவே.

ஆனாலும் பொதுமக்கள் பிரதிநிதி வாயைத் திறந்துவிட்டார்; குறிப்பில் ஏறிவிட்டது; விவாதித்தே ஆக வேண்டும். புகார் என்பது கசப்பாக இருக்கிறது என்று "கருத்து" ஆக்கினார்கள். கருத்து என்றால் கெட்ட கருத்தும் வரும் என்று "பாராட்டு" ஆக்கினார்கள். பாராட்ட முடியாதவர்கள் என்ன செய்வார்கள் என்று அந்தப் பெண் கேட்டதற்கு, வேண்டாவெறுப்பாக "பாராட்டும் பிறவும்" என்று ஆனது. கீலுக்குக் கீழே இரண்டு துண்டுகள்: "பாராட்டு", "பிற". முதலாவது தலைவரின் செய்திக்குப் போகும். இரண்டாவது?

"பிற"வை எந்தப் பிரிவும் ஏற்கவில்லை. வினியோகப் பிரிவு, தண்ணீர் வராதது எங்கள் பிரிவே இல்லை, வருவதுதான் எங்கள் பிரிவு என்றது. பராமரிப்புப் பிரிவு, எதுவும் உடையவில்லையே என்றது. இரண்டு கூட்டம் இதிலேயே போனது. தொட்டி மூன்றானது. பன்னிரண்டாவது கூட்டத்தில் செயலாளர் ரகசியமாகச் சிரித்துக்கொண்டே வந்தார். பிரச்சினை தீர்ந்துவிட்டது, திறப்பு விழாவுக்கு நாள் குறிக்கலாம் என்றார். எப்படி என்று தலைவர் கேட்கவில்லை. எப்படி என்று கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

விழாவில் பலகைக்குத்தான் பட்டு நாடா கட்டியிருந்தார்கள். தலைவர் கத்தரிக்கோலை வைத்துவிட்டு ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"இந்த நாற்பத்திரண்டு நாள்ல எத்தனை புகார் வந்திருக்கு தெரியுமா? ஒண்ணுகூட இல்ல! முன்னாடி ஒரு நாளைக்கு இருநூறு வந்துக்கிட்டிருந்துச்சு. என்ன செஞ்சோம்? ஜன்னலைத்தான் மூடினோம். நிர்வாகம்னா இதுதான். இன்னைக்கு இன்னொரு உத்தரவும் போட்டிருக்கேன். இனிமே நம்ம நகரத்துல ஒரு வால்வைத் திறக்கறதானாலும் சரி, மூடறதானாலும் சரி, வலைத்தளம் குடுக்கிற நம்பர் இல்லாம யாரும் கம்பியைத் தொடக் கூடாது. நானே சொன்னாலும் தொடக் கூடாது!"

கடைசி வரி அவர் எழுதி வைத்ததில் இல்லை. கைதட்டல் தூக்கி விட்டதில் வந்துவிட்டது. ஆனால் செயலாளர் அதையும் குறித்துக்கொண்டு, மாலைக்குள் உத்தரவாக அச்சடித்து ஒட்டிவிட்டார். பெஞ்சில் இருந்த சாவிக்காரர் அதை மூன்று முறை படித்தார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தொட்டிக்காரரின் கைபேசி அடித்தது.

"குடிநீர் வாரியமா? எங்க தெருவுல ஒரு வாரமாத் தண்ணி கலங்கலா வருது…"

"ராங் நம்பருங்க" என்று வைத்தார். மறுபடி அடித்தது. ஒருவர் சாக்கடை நாற்றம் என்றார். ஒரு அம்மா குழாயில் காற்றுதான் வருகிறது என்று குழாயைத் திறந்து அந்தச் சத்தத்தையே கேட்க வைத்தார். எட்டு மணிக்குள் முப்பது அழைப்பு. மனைவி வலைத்தளத்தைத் திறந்து தேடினாள். பாராட்டும் பிறவும், அதில் பிற, அதைத் தட்டினால் கூட்டத்தில் எடுத்த தொட்டிக்காரரின் படம், பதிவேட்டில் எழுதிய பெயர், கீழே "பொதுமக்களின் குறைகளுக்குப் பொதுமக்களே பொறுப்பு" என்று ஒரு வரி, பதிவேட்டில் பன்னிரண்டு தடவை எழுதிய அதே கைபேசி எண். எந்தப் பிரிவிலும் இல்லாத ஆள். அதனால் எந்தப் பிரிவும் ஆட்சேபிக்கவில்லை.

தொட்டிக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "தண்ணியும் போச்சு, கடையும் போச்சு, இப்ப மானமும் போச்சு. ஊர்ல இருக்கிறவனெல்லாம் என்னைத்தான் திட்டப் போறான்."

மனைவி அவரைப் பார்க்கவில்லை. கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அலமாரியிலிருந்து புது நோட்டு ஒன்றை எடுத்து அவர் மடியில் போட்டாள். தன்னுடைய கைபேசியில் அதே தளத்தைத் திறந்து, தலைவரைத் தாண்டி, வரலாற்றைத் தாண்டி, ஏழாவதுக்கு வந்து "பிற"வைத் தட்டி, அங்கே இருந்த எண்ணையும் தட்டினாள். இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்த கணவரின் கைபேசி அடித்தது.

"எடுங்க" என்றாள்.

"பக்கத்துலதானே இருக்கே?"

"எடுங்கன்னா!"

எடுத்தார்.

"குடிநீர் வாரியங்களா? எங்க தெருவுல அம்பத்திமூணு நாளாத் தண்ணி இல்லீங்க. நம்பர் குடுங்க."

தொட்டிக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. நோட்டைப் பிரித்தார். முதல் வரியில் தெருவின் பெயரை எழுதி, பக்கத்தில் ஒன்று என்று போட்டார்.

"உங்க புகார் எண் ஒண்ணும்மா" என்றார்.

வாரியத்துப் பெஞ்சில் சாவிக்காரர் நோட்டை வாங்கிப் பார்த்தார். சட்டத்தை மதிக்கிற ஆள்.

"எந்த வழியா வந்துச்சு?"

"பாராட்டும் பிறவும். அதுல பிற."

சாவிக்காரர் சுவரில் ஒட்டியிருந்த உத்தரவை இன்னொரு தடவை படித்தார். வலைத்தளம் கொடுக்கிற நம்பர் என்றுதான் இருந்தது. வலைத்தளம் இவரைக் கொடுத்திருக்கிறது. இவர் நம்பரைக் கொடுத்திருக்கிறார். கம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். ஆறு வாரத்தில் அவர் எழுந்து நின்றதைத் தொட்டிக்காரர் பார்த்தது அன்றுதான்.

தெருமுக்கில் இரும்பு மூடியைத் தூக்கிக் கம்பியை உள்ளே விட்டார். "இதைத் திறந்தா மேட்டுத் தெருப் பக்கம் அழுத்தம் குறையும். அதுக்காகத்தான் மூடச் சொன்னாங்க."

"அங்க அவ்வளவு பேரா இருக்காங்க?"

"பேர் ஒண்ணும் இல்ல. ஒரு நீரூற்று இருக்கு" என்றபடி சாவிக்காரர் கம்பியைத் திருப்பினார்.

சொன்னபடி ஐந்து நிமிஷம்தான் ஆனது. குழாய் முதலில் இருமியது, பழுப்பாகத் துப்பியது, பிறகு தெளிந்து கொட்டியது. வீடு வீடாகக் குடங்கள் வெளியே வந்தன. மனைவி தொட்டிகளிலிருந்து போர்வைகளை உருவி எறிந்தாள்.

அடுத்த மூன்று நாள் தொட்டிக்காரர் கடையில் உட்கார்ந்து எண் கொடுத்தார். சாவிக்காரர் காலையில் வந்து வரிசைப்படி ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவார். அவருக்கு இவ்வளவு வேலை எப்போதும் இருந்ததில்லை. முகத்தில் ஒரு களை வந்திருந்தது. வாரியத்தில் யாருக்கும் இது தெரியவில்லை. அவர்களுடைய பதிவேட்டில் புகார் இன்னமும் பூஜ்யம்தான்.

நான்காம் நாள் ஓர் அழைப்பு வந்தது.

"யாரய்யா அது? என் வீட்டுத் தோட்டத்துல மூணு நாளாத் தண்ணி ஏறல. நீரூற்று காஞ்சு கிடக்கு. சாவிக்காரன்கிட்ட சொன்னா என் உத்தரவையே என்கிட்ட காட்டறான்!"

தொட்டிக்காரருக்குக் குரல் தெரிந்துவிட்டது. எழுந்து நிற்கப் போனவரை மனைவி தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். அவர் நோட்டைப் பிரித்தார்.

"உங்க புகார் எண் நானூத்திப் பன்னெண்டுங்க."

"நான் தலைவர் பேசறேன்யா!"

"தெரியுதுங்க சார். முதல் பலகை. ஆனா புகார் அங்க இல்லீங்களே. நீங்க ஏழாவதுக்கு வரணும், பாராட்டும் பிறவும், அதுல பிற."

"அதைத்தான்யா தட்டினேன்! எத்தனை தடவை தட்டினாலும் நீதானே வர்றே!"

"அப்ப சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கீங்க சார்" என்றார் தொட்டிக்காரர். "உங்களுக்கு முன்னாடி நானூத்திப் பதினோரு பேர்."